துணை மீட்டர்

நூற்று நாற்பத்திரண்டு கேள்விகள்.
எக்செல் தாளில் மூன்று வண்ணம்:
பச்சை சூழலுக்கு, நீலம் சமூகத்துக்கு,
மஞ்சள் நிர்வாகத்துக்கு.
நம் அரிசியை எடுக்கிற ரோட்டர்டாம்காரர்
இதை நிரப்பாத மில்லிடம்
இனி ஒரு மூட்டைகூட வாங்க மாட்டாராம்.

"வெள்ளிக்குள்ள முடிச்சிடும்மா" என்கிறார் முதலாளி.
நான் டேலி போடுகிறவள்.
நீடாமங்கலத்துக்குத் தெற்கே, மில்லின் மாடியறையில்,
உமித்தூசி படிந்த கீபோர்டு.
சைபர் மட்டும் இரண்டுதரம் அழுத்தினால்தான் விழும்.

மூணாறு தலைப்பில் வெண்ணாறு
மூன்றாய்ப் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவள்.
பலகை தூக்கும்போது நுரைத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர்
அத்தனையும் கடைமடைக்குப் போய்ச் சேர்வதில்லை.
விதியும் அப்படித்தான்.
ரோட்டர்டாமில் திறந்தது,
மும்பையில் ஒரு மடை, சென்னையில் ஒரு மடை,
ஆலோசகர் அஸ்வத்தின் லேப்டாப்பில் ஒரு மடை,
என்னிடம் வரும்போது கணுக்கால் நனைகிற ஈரம்.
எனக்கும் கீழே செங்கமலம் இருக்கிறாள்,
பாய்லர் சாம்பல் நடுவே, கையில் விளக்குமாறோடு.

கேள்வி 57: பெண் பணியாளர் விழுக்காடு.
பதிவேட்டில் ஒன்பது பேர், பெண் நான் ஒருத்தி.
பதினொன்று புள்ளி ஒன்று.
களத்தில் நெல் கிளறும் பதினாறு பெண்கள்
மேஸ்திரி கோதண்டத்தின் பாக்கெட் நோட்டில் இருக்கிறார்கள்.
அந்த நோட்டுக்கு இணைப்பு எண் கிடையாது.

63: குறைதீர் ஏற்பாடு உண்டா?
உண்டு. கேட் பக்கம் சிவப்புப் பெட்டி.
சாவி போன தீபாவளியில் தொலைந்தது.
சீட்டுப் போடும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது.
64: பெறப்பட்ட புகார்கள்.
கூலி பிடித்தது பற்றி? சைபர்.
சாம்பல் விழுந்து கருத்த கீழத்தெருத் துணிகள் பற்றி?
சைபர்.
"அது கொட்டினா அதுவும் புகார்ல சேருமா?"
குளவியைக் காட்டிக் கேட்டாள் செங்கமலம்.
சிரித்தோம்.
சிரித்துவிட்டு அடித்தேன்.

தள்ளித் தள்ளி வைத்திருந்த 38க்குப் பிறகுதான் வந்தேன்.
நெல் ஊறிய தண்ணீர் எங்கே போகிறது?
"சுத்திகரிப்பு நிலையம் வழியாக."
போன வருஷப் பதிலை அப்படியே ஒட்டச் சொல்லியிருந்தார்கள்.
நிலையம் இருக்கிறது, மறுக்கவில்லை:
நீலப் பெயிண்ட், ரிப்பன் வெட்டிய போட்டோ,
சுற்றிலும் ஐந்து செவ்வரளி.
தண்ணீர்தான் இரவு பத்துக்கு மேல்
பின்சுவர் ஓட்டை வழியாக வாய்க்காலில் இறங்குகிறது,
புளித்த கஞ்சி வாடையோடு.
அந்த வாய்க்காலில்தான் என் கொழுந்தனாரின் குறுவை.

நான் துணிச்சல்காரி இல்லை.
நகைக்கடன் இருக்கிறது. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
ஒட்டச் சொன்னதை ஒட்டினேன்.

ஆனால் 39 ஓர் எண் கேட்டது:
அந்த நிலையத்தின் ஆண்டு மின்செலவு, யூனிட்டில்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
துணை மீட்டர் கண்ணாடியில் பல்லி முட்டை.
போன ஆடியில் குறித்ததைக் கழித்தால்
அறுபத்தொன்று.
அதிகாரி வந்த இரண்டு காலைகளுக்குச் சரியாக இருக்கும்.
மீட்டர் காட்டியதை மாற்றி எழுத எனக்குக் கை வராது.
அது நல்ல குணமெல்லாம் இல்லை, தொழில் பழக்கம்.
61 என்று போட்டேன்.
முதலாளி கையெழுத்திட்டார், கடைசிப் பக்கத்தில் மட்டும்.

திங்கள் காலை அஸ்வத்தின் போன்.
"மேடம், முப்பத்தொன்பதுல
ரெண்டு சைபர் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல சார்.
நம்மகிட்ட இருந்த சைபர் எல்லாம்
அறுபத்துநாலுல செலவாயிடுச்சு."

அந்தப் பக்கம் ஏசி உறுமுகிறது.
சின்னப் பையன்தான். கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாக
போன முறை வந்தபோது சொன்னான்.
"அப்ப நான் என்ன பண்றது?" என்று
என்னைக் கேட்டான், என்னை.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது.
கீழே மேஸ்திரி நோட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுகிறார்.
போனைக் காதிலிருந்து எடுக்காமல்
ஜன்னலருகே போய் நிற்கிறேன்.
பதினோராவது பேருக்கு
சாம்பல் மேட்டின் பின்னாலிருந்து ஒரு குரல்:
"இருக்கேன்."