இரண்டு நாற்பது

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாம் மாடி.
ஏசி எங்களுக்கு அல்ல, சர்வர்களுக்கு.
வெளியே சென்னை வேர்த்துக்கொண்டிருக்க
நாங்கள் ஸ்வெட்டரில் உட்கார்ந்திருக்கிறோம்.
ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.
பச்சைக் கோடு படுத்தே கிடந்தால்
யாருக்கும் என் பெயர் தெரியாது.

ஓடும் பொட்டலங்களின் உறை மட்டும் எனக்கு:
எங்கிருந்து, எங்கே, எத்தனை பைட், எப்போது.
உள்ளிருப்பது பூட்டிக் கிடக்கிறது.
விடிய விடிய யாரோ யாருக்கோ அனுப்புவது
சண்டையா, சம்பளப் பட்டியலா, தெரியாது.
தெரியவேண்டியதில்லை.
ஆசையே இல்லை என்று சொல்லமாட்டேன்.

ராயபுரம் ஸ்கேன் சென்டர்.
பிப்ரவரியிலிருந்து ஒரே புகார்.
இரவு ட்யூட்டி ஹமீதா சாட்டில் எழுதுவாள்:
"மூளைப் படம் நாற்பது சதவீதத்துல நின்னுருச்சு சார்.
டாக்டர் அந்தப் பக்கம் காத்திருக்கார்,
பேஷண்ட் இந்தப் பக்கம்."
நான் சார் இல்லை. திருத்த நேரமில்லை.

அவர்கள் போர்ட்டுக்கு எதிரே
ஒரு கண்ணாடி வைத்தேன்.
போவதும் வருவதும்
எனக்கும் ஒரு பிரதியாக விழ ஆரம்பித்தது.
அனுப்பினேன். கிடைத்தது.
அனுப்பினேன். கிடைத்தது.
அனுப்பினேன்.
அனுப்பினேன்.

அனுப்பினேன்.


அனுப்பினேன்.
ஒவ்வொரு தடவையும் இருமடங்கு பொறுத்துத்தான்
மறுபடி கேட்கிறது இயந்திரம்.
இந்த நாகரிகம்
என் வீட்டில் யாருக்கும் வாய்க்கவில்லை, எனக்கும்.

இரண்டு நாற்பதுக்கு விழும்.
மூன்று முறை எழுந்து எழுந்து விழும்.
மூன்று மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல்
பச்சையாக ஓடும்.
ரௌட்டரை மாற்றினோம். கார்டை மாற்றினோம்.
மெட்ரோ பள்ளத்தைத் திட்டினோம், எலிகளைத் திட்டினோம்
(மற்ற நாட்களில் இரண்டுமே குற்றவாளிகள்தான்).

சித்திரை பிறந்த மறுநாள் நின்றுபோனது.
"தானாகச் சரியானது" என்று எழுதிப் புகாரை மூடினேன்.
மூடிய பிறகும் அந்த 'தானாக'
பல்லிடுக்கில் சிக்கிய நார்போல் இருந்தது.
இரவுக்குப் பின் இரவு
கோடு குளத்துத் தண்ணீராகக் கிடந்தது.

ஜூன் பதினைந்து. இரண்டு நாற்பது.
"சார்," என்றாள் ஹமீதா.
அதற்கு மேல் எழுதவில்லை.

ரெஜினால்டை இரவிலேயே அனுப்பினேன்.
கம்பி போகும் வழியெல்லாம் நடந்து
காசிமேட்டிலிருந்து கூப்பிட்டான்.
"அக்கா, இத்தக் கேளு" என்று
போனைக் காற்றில் நீட்டினான்.
மலை ஒன்றை யாரோ
கடைவாயில் போட்டு மெல்லுகிற சத்தம்.
"ஐஸ் ஃபேக்டரிக்கா. கிரஷர் போட்டுட்டான்.
கம்பத்துல தொங்குற நம்ம டப்பாவும்
அவன் லைன்லதான் கரண்டு இழுக்குது.
அவன் பார் ஒடச்சா நம்மளுதுக்கு மூச்சு நிக்குது."
ஏன் நடுவில் நின்றது என்று கேட்டேன்.
சிரித்தான். "தடைக்காலம்க்கா.
அறுபத்தோரு நாளு போட்டு போகாது.
போட்டு போகலன்னா ஐஸு எதுக்கு?"

வரைபடத்தைப் பின்னோக்கி இழுத்தேன்.
ஏப்ரல், மே, பாதி ஜூன்:
எண்ணினேன், அறுபத்தொன்று.
மீன் முட்டையிடும் காலம் முழுக்க
என் திரையில் நேர்கோடாக இருந்திருக்கிறது.
நான் முகவரிகளையே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டப்பாவுக்கு ஒரு பேட்டரி மாட்டினான்,
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
கேபிள், கருவி, மின்சாரம், வாடிக்கையாளர் தவறு, மற்றவை.
பட்டியலில் கடல் இல்லை.
மின்சாரத்தைத் தொட்டேன்.

மறுநாள் இரண்டு நாற்பதுக்கு
டீயை ஆறவிட்டுக் காத்திருந்தேன்.
கோடு அசையவில்லை.
"போயிருச்சு சார்" என்று வந்தது, நூறு சதவீதம்.
சந்தோஷம்தான்.
ஆனால் இனி
படகுகள் கிளம்பினவா என்று
இங்கிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.