வார்டுத் தமிழ்

ஷிரினுக்குத் தெரிந்த தமிழெல்லாம்
ஆஸ்பத்திரியில் பொறுக்கியது.
எட்டு வருஷம் முன்பு
புருஷனின் சிறுநீரகத்துக்காகக் குல்னாவிலிருந்து வந்து
எங்கள் மாடி அறையில் நான்கு மாதம் இருந்தாள்.
டோக்கன். ரத்தம். வெறும் வயிறு.
மூச்சை இழுத்துப் பிடிங்க.
எண்ணிப் பார்த்தால் நாற்பது சொல் தேறும்.

இந்த முறை நோயாளி யாருமில்லை.
முனீர் போய் மூன்று வருஷம்.
எங்களைப் பார்க்க என்றே வந்தாள்.
விசாப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்,
சுற்றுலா என்று போட்டிருந்தாள்.
பெட்டியில் ஒரு போத்தல் கடுகெண்ணெய்,
பரிமளத்துக்கு ஒரு புடவை.
பாலாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திக் காட்டினேன்.
ஆற்றுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு
"வெறும் வயிறு?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காட்பாடியில் ரயில்.
திங்கள் மத்தியானம் ஷட்டர்கள் இறங்கின.
கொடிக்கம்பம் என்றார்கள்.
மூன்று மணிக்குள் அது ஒரு பெண் ஆனது,
ஆறு மணிக்கு ஒரு வீடியோ.
இருட்டியபோது
காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.
டயர் நாற்றம் கொசப்பேட்டை வரை வந்து
கொடியில் காய்ந்த போர்வையில் ஏறிக்கொண்டது.

வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றலாமா என்று யோசித்தேன்.
எங்கள் பெயரால் ஆபத்தா, அவள் பெயராலா,
அது வரப்போகும் கும்பலைப் பொறுத்தது.
யோசித்ததை எழுதத்தான் வேண்டும்.

ஷிரின் அதற்குள்
வீட்டிலிருந்த எல்லா வாளியிலும் நீர் பிடித்திருந்தாள்,
குழம்புச் சட்டியிலும்கூட.
யாரும் சொல்லவில்லை.
பாஸ்போர்ட் ரவிக்கைக்குள், செருப்பு கட்டிலருகே.
இதெல்லாம் எங்கே பழகினாய் என்று
பரிமளம் சைகையில் கேட்டாள்.
அதைச் சொல்ல நாற்பது சொல் போதவில்லை.

பத்தரைக்குப் பின்கட்டுச் சுவரேறி ஒருவன் குதித்தான்.
இருபதுகூட இருக்காது.
புருவம் கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது.
டார்ச்சை நேராக முகத்தில் அடித்தேன்.
"எந்தத் தெரு நீ? பேரென்ன?"
வாயில் வந்தது அதுதான்.
எந்தப் பெயர் சொன்னால் பிழைப்போம் என்று
அவன் என் முகத்தில் தேடினான்.
டார்ச்சுக்குப் பின்னால் இருந்த முகம்
அவனுக்குத் தெரிந்திருக்காது.

என் தோளைத் தள்ளிக்கொண்டு
ஷிரின் முன்னால் போனாள்.
"உக்காருங்க."
துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான்.
"வலி எங்கே?"
அவன் காட்டினான். அப்புறம்
கேட்டுவிட்டார்களே என்பதுபோல்
முழங்காலையும் காட்டினான், விலாவையும்.
"பயப்படாதீங்க. கொஞ்சம் எரியும்."
சிஸ்டர், சிஸ்டர் என்று அழுதான்.
அவள் வாளியை இழுத்து
பரிமளத்தின் புதுத் துண்டை நனைத்தாள்.
நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
இப்போது கொஞ்சம் தாழ்த்தி.

விடியுமுன் போய்விட்டான்.
என் கேள்விகள் இரண்டும்
துவைக்கிற கல்மேல் அப்படியே கிடந்தன.

வியாழக்கிழமைதான் காட்பாடிக்கு வழி திறந்தது.
ஓட்டுநர் நான்கு பங்கு கேட்டார், கொடுத்தேன்.
ரயில் நகர்ந்தபோது ஷிரின்
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து
சீட்டு நீட்டுகிற மாதிரி வெறுங்கையை நீட்டி,
"மறுபடி எப்போ வரணும்?" என்றாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்,
அதில் தேதி இல்லை.