மின்தடை அறிவிப்பு

சத்துவாச்சாரி துணை மின்நிலையத்தில்
நாளை பராமரிப்புப் பணி.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
கரண்ட் இருக்காது.
பேப்பரின் நாலாம் பக்கத்தில்
என் தெருப் பெயரைத் தேடிப் பிடித்துப்
பேனாவால் வட்டமிடுகிறேன்,
தேர்வு முடிவில் தன் எண்ணைப் பார்த்தவள் போல.

மாடியில் ஒற்றை அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
மே மாதம் வந்தால்
தட்டிலிருந்து கான்வாஸ் போவதற்குள்
ஆக்ரிலிக் காய்ந்துவிடும்.
மேசையும் ஒன்றுதான்.
ஒரு பாதியில் லேப்டாப்,
மறு பாதியில் ட்யூப், தூரிகை, பழைய பனியன் துணி.
நடுவில் கோடு எதுவும் போடவில்லை.
கீபோர்டில் எஸ் எழுத்து
இப்போது செம்மண் நிறம்.

கலைஞர்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன்.
காட்பாடி தேவசகாயம்:
கல்யாணம் தவிர எல்லாவற்றையும் படமெடுக்க ஆசைப்படும்
கல்யாணப் போட்டோகிராபர்.
ஆரணி குமுதவல்லி:
“முதல் பக்கத்துலயே நான் ஆடணும் மேடம்,
ஆனா பக்கம் சட்டுனு தொறக்கணும்.”
மேல்விஷாரம் ஷாயிஸ்தா, பீங்கான்.
போன மாதப் பாக்கிக்குப் பதிலாக
இரண்டு கோப்பைகள் அனுப்பினாள்.
ஒன்றில் டீ. இன்னொன்றில் தூரிகை கழுவும் தண்ணீர்.
சில இரவுகளில் மாற்றிக் குடித்துவிடுகிறேன்.

எனக்கும் ஒரு தளம் இருக்கிறது.
திறந்தால் ‘விரைவில்’ என்று ஒரே சொல்.
நாலு வருடமாக.

பொய் சொல்லக் கூடாது.
தேவசகாயத்தின் படங்களை அடுக்கும்போதுதான்
வெறும் இடம் எவ்வளவு விடலாம் என்று புரிந்தது.
என் கான்வாஸின் இடது மூலை காலியாக இருப்பது
அவர் தெரியாமல் கொடுத்த சம்பளம்.

மூன்று வாரம் ஒரு நிறத்தின் பின்னால் அலைந்தேன்.
பாலாற்று மணலில்
சாயங்காலம் ஆறு மணிக்கு,
லாரித் தடங்களுக்குள் நிழல் இறங்கும் நேரத்தில்
பாலத்தின் மேலிருந்து பார்த்தால் தெரிகிற நிறம்.
மஞ்சள் என்றால் அடிக்க வருவேன்.
சாம்பல் என்றாலும்தான்.
ஒரு நடுராத்திரி அது தட்டில் வந்து உட்கார்ந்தது.

அதே ராத்திரிதான்
ஷாயிஸ்தாவின் பக்கம் விடிவதற்குள் முடிய வேண்டும்.
பின்னணி மட்டும் பாக்கி.
கை தானாகப் போனில் கான்வாஸைப் படமெடுத்தது,
மணலில் ஒரு புள்ளியைத் தொட்டது.
மூன்று வாரத்துக்கு
எண்ணும் எழுத்துமாய் ஆறு குறிகளில் ஒரு பெயர்.
ஒட்டினேன்.
அவள் கோப்பைகள் ஆற்றில் இறங்கி நின்றன.
அழகாக இருந்தது. அதுதான் எரிச்சல்.
அதன் பிறகு கான்வாஸைப் பார்த்தால்
கோப்பைகளை எடுத்துவிட்ட
விற்பனைப் பக்கம்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.
“எல்லாம் சூப்பர் அக்கா.
பின்னாடி மட்டும் வெள்ளையா மாத்திடுங்க.
ஏதோ அழுக்கு மாதிரி தெரியுது.”

அழுக்கு.
நாலு விநாடி வேலை.
இத்தனை சந்தோஷமாக
எந்தத் திருத்தத்தையும் செய்ததில்லை.
காசும் கேட்கவில்லை.
அந்த ஆறு குறிகளை
எங்கும் சேமித்து வைக்கவுமில்லை.

இன்று ஒன்பது இரண்டுக்கு ஃபேன் நின்றது.
கீழே தையல் மெஷின் நின்றது,
பக்கத்து வீட்டு மாவு கிரைண்டர் பாதி உளுந்தோடு நின்றது.
லேப்டாப்பில் மூன்று மணி நேரத்துக்குச் சார்ஜ்.
அதைத் துணி போட்டு மூடினேன்,
கிளிக்கூண்டை மூடுவது போல.
சுவரில் சாய்த்திருந்த மணலைத் திருப்பினேன்.
யாருடையதாகவும் தெரியவில்லை அது.
என்னுடையதாகவும் இன்னும் இல்லை.
லாரித் தடத்தில் ஆரம்பித்தேன்.

பதினொன்றே முக்காலுக்கே கரண்ட் வந்துவிட்டது.
தலைக்கு மேல் காற்று.
தெரு முழுக்க டிவி.
போன் அதிர்கிறது: காட்பாடி.
வாயில் ஒரு தூரிகை, கையில் ஒரு தூரிகை.

எழுந்து போய் ஃபேனை அணைத்தேன்.
அதன் சத்தம் முழுதாக அடங்கக் காத்திருந்து
போனை எடுத்தேன்:
“இன்னும் வரல சார்.
அஞ்சு மணி ஆகும்.”