பதினொரு நிமிடக் கூட்டம்

கூட்டம் பத்து மணிக்கு.
முடிவை முந்தைய வியாழன் மாலையே
மூன்றாம் மாடிப் புகைபிடிக்கும் அறையில் எடுத்துவிட்டோம்.
நான் புகைப்பதில்லை.
ஆனாலும் நின்றேன், கையில் டப்பாக் காப்பியோடு,
கொள்முதல் பிரிவின் உஷியோதா இருமி முடிக்கும்வரை.

ஒரு மரத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால்
ஓராண்டு முன்பே வேரைச் சுற்றித் தோண்டி,
கொஞ்சம் நறுக்கி, மண்ணோடு கட்டி,
மரத்துக்கே தெரியாமல்
அதைப் பயணத்துக்குப் பழக்கவேண்டும்.
எங்கள் வேலைக்கு அந்தத் தோட்டக்காரச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.
பெயரட்டையில் மட்டும் வியூகத் திட்டப் பிரிவு.

மரம்: ஹிமி தொழிற்சாலை.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
கார்க் கதவுக்குள் யாரும் பார்க்காத ஓர் உருளை.

ஐந்து மாதம் தோண்டினேன்.
நிதிப் பிரிவுக்கு ஒரு கணக்கு,
தொழிற்சங்கத்துக்கு அதே கணக்கு, வேறு நிறத்தில்.
வங்கியின் கனமோரிக்குத் தாளே தேவைப்படவில்லை,
ஒரு தட்டு மீன், இரண்டு குவளை சாக்கே.
நகரசபை உறுப்பினர் தொகுமித்சு எதையும் கேட்கவில்லை.
"இந்த ஏப்ரலில் செர்ரி சீக்கிரம் பூக்குமோ" என்றார்.
ஏப்ரலில் தேர்தல்.
அறிவிப்பை மே மாதத்துக்குத் தள்ளினேன்.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் புன்னகைத்தார்.

மௌனம் சம்மதம் என்று சொல்கிற ஊர்கள் உண்டாம்.
இங்கே நான் எண்ணியவரை
மௌனம் பதினான்கு வகை.
பல்லிடுக்கில் மூச்சை இழுத்தபின் வருவது: முடியாது.
"பரிசீலிக்கிறோம்" என்றபின் வருவது: இனிக் கேட்காதே.
தலையசைத்துக்கொண்டே இருப்பது:
நீ பேசுவது காதில் விழுகிறது, அவ்வளவுதான்.
மற்றவற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு படம்,
இருபது ஆண்டு கழித்து ஹிமியின் மக்கள்தொகை.
பிரமிடு என்றுதான் அதைச் சொல்வார்கள்.
வரைந்தால் பம்பரம்.
தலை கனத்து ஆணியில் நிற்கிறது,
சுற்றுகிறவரைதான் நிற்கும்.
ஆலையை மூட அதைக் காரணமாகக் காட்டினேன்.
மூடாதிருக்கவும் காட்டியிருக்கலாம்.
எண்கள் யார் கூப்பிட்டாலும் போகும்.

தாள் மேசை மேசையாக ஏறியது.
ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்பு வட்டம்.
சிறிய பதவிக்காரரின் முத்திரை
பெரியவருடையதை நோக்கிச் சற்றே சாய்ந்து வணங்கும்.
தலைகீழாகக் குத்தினால்
அதற்கும் பழைய பொருள் ஒன்று உண்டு:
தடுக்கமாட்டேன், ஆனால் உடன்பாடில்லை.

கூட்டம் பதினொரு நிமிடம்.
அதில் நான்கு நிமிடம் திரை வேலை செய்யவில்லை.
கேள்வி ஒன்றே ஒன்று:
மே மாதம், எந்தக் கிழமை?

தலைவர் நகுமோ மைப்பெட்டியைத் திறந்தார்.
நின்றார்.
தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக்கினார்.
தயாரித்தவர் என்ற முதல் கட்டத்தில்
என் குடும்பப் பெயர், குவாபரா,
மல்பெரி வயல் என்று பொருள்,
வேர் வானத்தில், இலை மண்ணில்.

கை தவறியது என்று சொல்லத் தயாராக இருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
தன் முத்திரையை அவர் நேராகவே குத்தினார்.
"பனி இன்றைக்கு விட்டுவிடும் போலிருக்கிறது."

பதினைந்து.

வெளியே தொயாமா நகரம் முழுக்க
பனி கொட்டிக்கொண்டிருந்தது.
மதியம் நகுமோவிடமிருந்து ஒரு வரி வந்தது:
அடுத்து நமெரிகாவா ஆலை, நீங்களே பாருங்கள்.

மண் உறைந்திருக்கிறது என்று பதில் எழுதினேன்.
மார்ச்சில் தொடங்கலாம்.