பங்கேற்பாளர் ஒன்பது

இன்று துறையின் நடைவழி முழுக்க
சுவரொட்டிகள்.
நொலுதாண்டோவுடையது டாக்ஸியைப் பற்றியது:
முன்வரிசையில் உட்கார நேர்ந்தவர்
பதினைந்து பேரின் சில்லறையை எண்ணித் தருகிறார்,
யாரும் அவர் பெயரைக் கேட்பதில்லை.
ருவேஷன் படையாச்சி மின்வெட்டு இரவுகளின்
தூக்கத்தை அளந்திருக்கிறான்.
அவன் வரைபடக் கோடு
டர்பன் துறைமுகத்துப் பாரந்தூக்கி போல
ஏறி, நின்று, இறங்குகிறது.

என்னுடையது கடைசியில்,
தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில்.
மூடிய தையல் ஆலை, ஜேக்கப்ஸ்: பன்னிரண்டு நேர்காணல்கள்
என்று அச்சான இடத்தில்
வெள்ளைத்தாள் ஒட்டிப்
பதினொன்று என்று எழுதியிருக்கிறேன்.
பசை இன்னும் காயவில்லை.

சாட்ஸ்வொர்த்தில், ஒரு வியாழக்கிழமை,
இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் பேசினார்.
என்ன பேசினார் என்று
இங்கேயும் சொல்லப்போவதில்லை,
கவிதைக்கு ஒப்புதல் படிவம் கிடையாது என்றாலும்.
குக்கர் நான்கு முறை விசிலடித்தது.
பக்கத்து வீட்டு நாய்.
தேநீரில் சர்க்கரை அதிகம்.
இவை என்னுடையவை, சொல்லலாம்.

மூன்று வாரம் இருக்கும்போது போன் வந்தது.
"அதை எடுத்திரும்மா."
ஏன் என்று வாய்வரை வந்துவிட்டது.
எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்,
காரணம் கூற வேண்டியதில்லை:
ஐந்தாவது பத்தி. நானே தட்டச்சு செய்தது.
"சரிங்க ஆன்ட்டி" என்றேன்.

நான்காம் அத்தியாயம் அவர்மேல்தான் நின்றது.
ஒரு நூலை இழுத்தேன்,
காலர் கையோடு வந்துவிட்டது.
டாக்டர் கன்யிலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அழித்த தேதி, நேரம், குறித்து வை" என்றார். அவ்வளவுதான்.
அன்றிரவு கரண்ட் இல்லை.
லேப்டாப்பில் பதினோரு சதவீதம்.
நிச்சயமா? என்று கேட்டது.
தேர்வாளர்களிலேயே அதுதான் கடுமையானது.

வெளியிலிருந்து வந்தவர்
என் சுவரொட்டி முன் நெடுநேரம் நின்றார்.
"நடுவில் மெலிந்திருக்கிறதே?"
"ஆமாம் சார்."
ஏதோ குறித்துக்கொண்டார்.
அறுபத்தெட்டு.
பரிசு ருவேஷனுக்கு. கை வலிக்கத் தட்டினேன்,
அவன் நிஜமாகவே நன்றாகச் செய்திருந்தான்.
பேச்சு நீண்டபோது
ஜன்னல் வழியே குரங்கொன்று வந்து
சமோசாத் தட்டோடு போனது.
துறைத் தலைவர் உரையை முடிக்க
அது உதவியது.

வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால்
இப்போதும் அவருடைய அடுத்த வாக்கியம் வருகிறது,
மூச்சு வாங்கும் இடம் உட்பட.
இதற்குத் தேதி போட
பதிவேட்டில் கட்டம் இல்லை.

மாலை டாக்ஸியில் முன்வரிசைதான் கிடைத்தது.
பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டு
நூறு ரேண்ட் தாளை நீட்டுகிறது.
மூன்று பேருக்கு, என்கிறது ஒரு குரல்.
திரும்பிப் பார்க்காமல்
எண்ணத் தொடங்குகிறேன்.