முறிகண்டியில் நிற்காத பஸ்

கணினிக்குள் ஓடுவதற்கும் பஸ் என்றுதான் பெயர் என்றேன்.
சந்தியாப்பிள்ளை சிரிக்கவில்லை.
மல்லாவி அரிசி ஆலையின் கணக்கு முழுக்க
மூன்று நாளாய் இந்தப் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கிறது.

லண்டனில் ஏதோ ஒரு வங்கி கழித்துவிட்ட சாமான்.
ஓமந்தையில் மூடியைக் கழற்றி
டோர்ச் அடித்துப் பார்த்துத்தான் விட்டார்களாம்.
கரடிப்போக்கில், என் மேசைமேல், நானும் அதையே செய்தேன்.
மண்ணிறத்தில் ஆறு வாய்கள்.
"ஈசா" என்றேன்.
"தங்கச்சி சைவமோ?"
"இல்லையண்ணை, இந்த பஸ்ஸின் பெயர்."

எண்பத்தேழில் பெரிய கொம்பனி ஒன்று புது வீதி போட்டது.
மைக்ரோ சனல்.
பழைய அட்டை எதுவும் ஏறக்கூடாது,
ஏறுகிறவன் வரி கட்டவேணும்.
முறிகண்டியில் நிற்காமல் போகிற பஸ்.
எவன் ஏறுவான்?
வரி கட்ட மனமில்லாத ஒன்பது பேர் கூடி
ஒரே வாயை இரண்டு ஆழத்துக்குத் தோண்டினார்கள்.
பழசு மேல்படியில் நிற்கும்,
புதுசு இன்னும் இறங்கிக் கீழ்ப்படியைத் தொடும்,
குளத்துக்கு மேல்மடையும் கீழ்மடையும் வைத்த மாதிரி.
கெட்டிக்கார வேலை. விலைதான் கெடுத்தது.
ஐந்தாறு வருஷத்தில்
குட்டையாய், வெள்ளையாய், பி.சி.ஐ. வந்து
சண்டை பிடித்த இரண்டையும்
ஒரே இரும்புக்கடைக்கு அனுப்பியது.

செத்துப்போயிருந்தது வன்தட்டை ஓட்டும் அட்டை.
அதேபோல் ஒன்று என் லாச்சிக்குள் கிடந்தது.
கீழ்ப்படி வரைக்கும் அழுத்தினேன். டக்.
திரையில் எழுத்து விழுந்தது:
இது ஆர்? இதற்கான வட்டைப் போடு.
வட்டில் பூஞ்சணம்.
"பஸ் நிக்குது, பாஸ் இல்லை" என்றேன்.
அதற்குத்தான் சிரித்தார்.
கொஞ்சம் கூடவே சிரித்தார், பிறகு
தன் சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியில் பழசிலும் பழசு,
விளிம்பு கருகிய ஓர் ஐ.எஸ்.ஏ. அட்டை.
மேல்படியிலேயே நின்றுகொண்டது.
ஒன்றும் கேட்கவில்லை.
மாட்டுவண்டி வேகத்தில் கணக்கு ஏறி வந்தது:
சம்பா, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மூடை.
ஒரு பக்கம் வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

"எத்தனை வருஷம் ஓடும்?"
சொல்லவில்லை.
எனக்கு உண்மையாகவே தெரியாது.

நாலரை மணி மல்லாவி பஸ்
கூரையில் சைக்கிளும் பின்கதவில் நெல் மூடையுமாய்
வந்து நின்றது.
பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
மிதிபலகையில் ஒரு கால் வைத்தார்.
மேல்படியில் நின்றவர்களைக் கொண்டக்டர்
இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று
தள்ளிக்கொண்டிருந்தான்.