மற்றவை

ஆவணியில் வந்தது அது,
புதுவயலில் எங்கள் அரிசி மில்லுக்கு.
பெட்டி இல்லை, படி இல்லை, தூக்க ஆள் இல்லை.
காரைக்குடியிலிருந்து நஸ்ரின் ஸ்கூட்டியில் வந்து
ஹெல்மெட்டைக் கழற்றி
என் சிட்டை நோட்டுகளின் மேல் வைத்தாள்.
மாதம் நாலாயிரத்து இருநூறு என்றாள்.
ஏகப்பன் மூவாயிரத்து ஐந்நூறில் முடித்தார்.
செயற்கை நுண்ணறிவே ஆனாலும்
சொன்ன விலைக்கு வாங்குவது
எங்கள் முதலாளிக்கு ஆகாது.

என் நாற்காலிக்கு அளவெடுக்க வந்த ஆளைப்போல
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கல்லல் கடைக்காரர் வாட்ஸப்பில்
இருமிக்கொண்டே சொன்ன பதினேழு மூட்டையை
இருமலை ஒதுக்கிவிட்டு எழுதிக்கொண்டது.
தேவகோட்டை மெஸ்காரர் ‘நாளைக்கு’ என்றால்
பதினோரு நாள் என்று கண்டுபிடித்தது.
எனக்கு அது தெரிய
ஆறு வருஷம் ஆயிற்று.

பழைய கணக்கையும் ஊட்டச் சொன்னாள்.
ஊட்டினோம். பேரேடு பேரேடாக.
ஐப்பசியில் ஒரு நாள்
திரையில் சிவப்பு வட்டம்:

ஒவ்வொரு தை மாதமும்
பொன்னி மூன்று மூட்டை குறைகிறது.
பன்னிரண்டு வருடங்கள். காரணம்?

நான் அதை ஒரு வருஷம் எலி மேல் எழுதியிருந்தேன்,
ஒரு வருஷம் மழை மேல்,
ஒரு வருஷம் தராசின் மேல்.
எலிக்கும் மழைக்கும்
அவ்வளவு ஒழுங்கு வராது என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

எலிவேட்டர் பட்டை
இருதயமேரியின் வலது கையை
முழங்கைவரை வாங்கிக்கொண்ட வருஷம் அது.
எந்தப் பதிவேட்டிலும் அந்த வருஷம் விபத்து இல்லை.
“தை பொறந்தா மூணு மூட்டை. எழுத வேணாம்.”
ஏகப்பன் சொன்னது அவ்வளவுதான்.
ஒரு கைக்கு மூன்று மூட்டை என்பதை
எந்த வாய்ப்பாட்டில் கண்டார் என்று நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருந்ததற்கு
அந்தத் தீபாவளிக்கு எனக்கு இரண்டு போனஸ்.

நஸ்ரினுக்குப் போன் போட்டேன்.
“எலி, ஈரம், சிதறல், எடைப்பிழை, மற்றவை...
ஏதாவது ஒண்ணு தட்டுங்க சார்.
வழக்கம்னா வழக்கம்னு சொல்லிருங்க,
கத்துக்கும்.”
ஏகப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
திரையை வெகுநேரம் பார்த்தார்.
மற்றவை, என்றார்.
விளக்கம் எழுத நாற்பது எழுத்துக்கு இடம் இருந்தது.
அதை வெறுமையாக விட்டோம்.

அந்தத் தையில் அதுவே ஞாபகப்படுத்தியது:
இந்த வாரம், மற்றவை, மூன்று மூட்டை.
செவ்வாய்க்கிழமை வண்டி கோட்டையூர் பக்கம் போகிறது.
சேர்த்து அனுப்பினால் டீசல் மிச்சம்.

பொய் சொல்லக் கூடாது.
பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட
பொங்கலுக்கு முன்னால் போய்ச் சேராத அரிசி
அந்த வருஷம் மார்கழி இருபத்தெட்டிலேயே
அவள் வாசலில் இறங்கியது.
இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.
வண்டிக்காரன் எதற்கோ வாங்கி வந்த கையெழுத்து.
அதை எங்கே கோப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.

போன கார்த்திகையில் அவள் போய்விட்டாள்.
மில் பெயர் போட்ட ரிப்பனோடு
மாலை அனுப்பினோம், எண்ணூறு ரூபாய்.
விளம்பரச் செலவில் எழுதினேன்.

இன்று தை இருபத்தாறு.
ஏகப்பன் போனில் குருணைக்கு
விலை குறைத்துக்கொண்டிருக்கிறார்.
பட்டை ஓடுகிறது. இப்போது அதற்குக் கம்பிவலை உண்டு.
திரையில்:

மூன்று மூட்டை இன்னும் குறையவில்லை.
இருப்பு அதிகமாக உள்ளது.
பிழையா?

ஆம் என்று ஒரு பொத்தான்.
இல்லை என்று ஒரு பொத்தான்.
மற்றவை இல்லை.

நேற்றும் கேட்டது.
விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.
அதற்கு ஒன்றும் அவசரமில்லை.
இந்த மாதக் கட்டணம்
கட்டியாகிவிட்டது.